சாசேஜைத் திருப்பப் போனவர்

பெவன் டிரெகியர் குல்கோரா ரக்பி கிளப்புக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் தலைவராக இருந்தார். அந்தப் பதவியை அவர் கேட்டதில்லை. விரும்பியதும் இல்லை. எல்லாம் சாசேஜால் வந்தது.

முதல் ஆண்டு நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரி மாத ஆண்டுப் பொதுக்குழு. கிளப் அறைக்குள் நாற்பது பேர். வெளியே எரிவாயு அடுப்பின் இரும்புத் தட்டில் நாற்பது பேருக்கான சாசேஜ், அரைத்த இறைச்சியைக் குழல் குழலாக அடைத்தது. அடுத்து தலைவர் தேர்தல் என்று செயலாளர் மார்சியா வாசித்ததும் எல்லோரும் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கருகல் வாசனை வந்தது. பெவன் எழுந்து போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே வந்ததும் கைதட்டினார்கள். சமையலுக்குத்தான் என்று நினைத்தார்.

கிளப்பின் பதினான்காவது விதியை அவர் அதுவரை படித்ததில்லை. அறையில் இல்லாத உறுப்பினரையும் முன்மொழியலாம். தேர்தல் முடிவதற்குள் அவர் மறுக்காவிட்டால் சம்மதித்ததாகப் பொருள். 1958இல் எழுதியது. அப்போது உறுப்பினர்களில் பாதிப் பேர் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே போகிறவர்கள். அவர்கள் வசதிக்காக எழுதிய விதி, அடுப்புவரை போய்வந்த பெவனைப் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு ஊரே உஷாரானது. பொதுக்குழு நாளில் குல்கோராவில் மதியத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை வெளியே இருக்கிறது. ஒருமுறை ஒருவருடைய கிடாரி கன்று போட முடியாமல் கஷ்டப்படுவதாக வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கிடாரி தானாகக் கன்று போட்டது. மார்சியா மட்டும் இஷ்டம்போல் வெளியே போய்வருவார். தபால் நிலையத்தில் வேலை. ஏற்கெனவே செயலாளர் என்பதால் அவருக்கு இனி இழக்க எதுவும் இல்லை.

ஆக, ஒவ்வொரு ஆண்டும் ஒரே காட்சி. தேர்தல் வரும். கருகல் வாசனை வரும். நாற்பது பேரும் கூரையைப் பார்ப்பார்கள். பெவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு எழுந்துவிடுவார். ஆழ்துளைக் கிணறுகளுக்கு பம்ப் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். நல்ல பொருள் கண்ணெதிரே கெட்டுப்போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊருக்கு அது தெரியும். அதை வைத்துத்தான் ஊர் இருபத்து நான்கு ஆண்டுகள் ஓட்டியது.

மகள் நரேலுக்கு மலைப்பகுதியில் வேலை. அணைச் சுவர்களில் விரிசல் அளப்பவர். தீயைக் குறைத்து வைத்தால் கருகாது, கருகாவிட்டால் எழ வேண்டியதில்லை என்று ஒருமுறை அப்பாவுக்கு எடுத்துச் சொன்னார்.

"சின்னத் தீயில வச்சா சாசேஜ் வெந்துதான் போகும், செவக்காதும்மா" என்றார் பெவன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ரக்பியை நாடு முழுவதும் நடத்தும் சங்கத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. குல்கோராவில் அதன் பெயர் சிட்னி. சிட்னி பணம் அனுப்புச்சா, சிட்னி என்ன சொல்லுது, சிட்னிக்கு அறிவு இருக்கா. இப்படித்தான் பேச்சு. பெவனின் காலத்தில் சிட்னியில் ஒன்பது தலைமை நிர்வாகிகள் வந்து போனார்கள். வாரியத் தலைவர்களை எண்ணுவதை அவர் பாதியிலேயே விட்டுவிட்டார். புதிதாக வரும் ஒவ்வொரு நிர்வாகியும் ஒரு திட்டம் அறிவிப்பார். மறுதொடக்கம், புத்துயிர், ஒரே குடும்பம் என்று அதற்கு ஒரு பெயர் இருக்கும். திட்டம் வழவழப்பான கனத்த தாளில் அச்சாகி எல்லா கிளப்புகளுக்கும் வரும். குல்கோராவில் பீர் வைக்கும் குளிர்பெட்டிக்கு ஒரு கால் குட்டை. பெவன் திட்டங்களை அதன் கீழே வைத்தார். ஏழாவது நிர்வாகியின்போது ரசமட்டம் வைத்துப் பார்த்தார், குமிழி சரியாக நடுவில் நின்றது. எட்டாவது திட்டம் வந்தபோது பெட்டி மறுபக்கம் சாய்ந்தது.

"இதுக்கு மேல சிட்னி திட்டம் போட்டா, மத்த மூணு காலுக்கும் சேத்துப் போடணும்" என்று மார்சியாவிடம் சொன்னார்.

சிட்னியின் கஷ்டம் பொய் என்று அவர் சொன்னதில்லை. தொலைக்காட்சிப் பணம் குறைந்துபோனது. பதினைந்து பேர் ஆடும் இந்த ரக்பியிலிருந்து, பதின்மூன்று பேர் ஆடும் இன்னொரு வகை ரக்பி நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. பயிற்சியாளரைக் கூட்டிவர ஒரு பெரிய தொகை, அவரை வழியனுப்ப அதைவிடப் பெரிய தொகை. கடைசியாக வந்த கணக்கில் பற்றாக்குறை இருபத்தெட்டு மில்லியன் டாலர். அதே ஆண்டு குல்கோரா கிளப்பின் உபரி நானூற்றுப் பன்னிரண்டு டாலர் அறுபது சென்ட்.

இரண்டையும் பொதுக்குழுவில் வாசித்துவிட்டுப் பெவன் சொன்னார்: "ஆக, இந்த நாட்டுல ரக்பிய லாபத்துல நடத்துறது நாமதான். யாரும் கர்வப்படாதீங்க."

ஒவ்வொரு புதிய நிர்வாகிக்கும் அவர் ஒரு கடிதம் எழுதுவார். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. ஆட்டக்காரர்களின் காப்பீட்டுத் தொகையை மார்ச்சில் மொத்தமாகக் கேட்காதீர்கள். பாதியை மார்ச்சில் வாங்குங்கள், மீதியைக் கோதுமை அறுவடை முடிந்து டிசம்பரில் வாங்குங்கள். இங்கே டிசம்பரில்தான் கையில் காசு இருக்கும். ஒன்பது பேரும் பதில் போட்டார்கள். உங்கள் பேரார்வத்துக்கு நன்றி என்று ஒன்பதிலும் இருந்தது.

"எங்கிட்ட ஏது பேரார்வம்? எங்கிட்ட இருக்கறது முப்பத்தோரு ஆட்டக்காரங்க" என்றார் பெவன்.

அவருடைய எழுபத்தாறாம் வயதில், ஜனவரியில், மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போனார். மருத்துவர் திரையில் இதயத்தைக் காட்டினார். உள்ளே வரும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் இருபது சதவீதம்தான் வெளியே போகிறது என்றார். அறுபது போக வேண்டும்.

"ஒரு பம்ப் இந்த அளவுல ஓடினா, நான் என்ன சொல்வேன் தெரியுமா டாக்டர்?"

"என்ன சொல்வீங்க?"

"செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்கன்னு."

புதிது வைக்கும் வயது தாண்டிவிட்டது என்று மருத்துவர் மெதுவாகச் சொன்னார். ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் பாதி பார்க்கலாம், முழுதும் பார்த்தால் அதிர்ஷ்டம். பெவன் நன்றி சொல்லிவிட்டு, மருத்துவமனையின் பின்பக்கம் ஏதோ ஒரு மோட்டாரில் பேரிங் தேய்ந்திருப்பதாகவும் சத்தம் கேட்கிறது என்றும் சொல்லிவிட்டு வந்தார். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நரேலிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே சிட்னியிலிருந்து கடிதம். செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பிப்ரவரி மாத முடிவுக்குள் எல்லாப் பதவிகளுக்கும் ஆள் இல்லாத கிளப்புகள் பக்கத்துக் கிளப்போடு சேர்க்கப்படும். பருவத்தின் நடுவில் தலைவர் பதவி காலியானாலும் அப்படியே. குல்கோராவுக்குப் பக்கத்துக் கிளப் டன்பார். தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு, கங்காருக்கள் சாலையைக் கடக்கும் அந்தி நேரத்தில் அவ்வளவு தூரம் யாரும் ஓட்டப்போவதில்லை. சேர்ப்பது என்றால் மூடுவது. எல்லோருக்கும் அது புரிந்தது.

பெவனுக்கு மட்டும் இன்னொன்றும் புரிந்தது. இந்த முறை அவர் எழுந்து போய்விட்டால், ஜூனிலோ ஜூலையிலோ நாற்காலி காலியாகும். கிளப் அவரோடு போகும்.

ஐந்து பேரைத் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மனைவி. கிளப்புக்கு சாசேஜ் கொடுக்கும் கசாப்புக் கடைக்காரர் மெர்வின் வெளிப்படையாகவே பேசினார்.

"உனக்கு என்ன கொறச்சல் பெவன்? நல்லாத்தானே ஓட்டுற. நீ இருக்கறவரைக்கும் நாங்க எதுக்கு?"

 பெவன் ஒரு கிலோ மாட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பொதுக்குழுவுக்குச் சிட்னியிலிருந்தே ஆள் வந்தார். ஒன்பதாமவர் போய், பத்தாமவர் கிடைக்கும்வரை பொறுப்பில் இருந்த தலைமை நிர்வாகி ஹ்யூகோ வெதர்பி. நாற்பத்து மூன்று வயது. வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில். அவர் பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாத மேல்சட்டை போட்டிருந்தார். மூடப்போகும் கிளப்புகளை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று அவரே நினைத்து, ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன் எந்த நிர்வாகியும் அப்படி வந்ததில்லை.

வாசலில் பெவன் அவரிடம் இருபது டாலர் வாங்கினார். உறுப்பினர் அல்லாதவருக்கு பீர் ஊற்ற கிளப்பின் உரிமம் இடம் தராது. யார் வந்தாலும் செய்வதுதான். ஹ்யூகோ கையெழுத்துப் போட்டு, உறுப்பினர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, கதவோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காற்று அங்கேதான் வந்தது.

கணக்கு வாசிக்கப்பட்டது. ஹ்யூகோ எழுந்து சிட்னியின் நிலைமையைச் சொன்னார். பூசி மெழுகவில்லை. பணம் இல்லை, எல்லோரையும் தூக்கி நிறுத்த முடியாது, ஆள் இருக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கட்டும் என்றார். யாரும் கூச்சல் போடவில்லை. ஒரு பெண் மட்டும் அந்த மேல்சட்டைக்குள் வியர்க்கவில்லையா என்று கேட்டார். வியர்க்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு மார்சியா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எல்லாப் பதவியும் இப்போ காலி. தலைவர் பதவிக்கு யாராவது?"

நாற்பது ஜோடி பூட்ஸ்கள் பார்க்கப்பட்டன.

பெவன் முன்வரிசையில் இருந்தார். இடுக்கியை வேண்டுமென்றே மெர்வினுக்கு எதிரே மேசைமேல் வைத்திருந்தார். அவர் சாசேஜ், அவர் கை, அவருக்குத்தான் மனசு கேட்காது என்பது கணக்கு. வாசனை வந்தது. மெர்வின் கூரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இப்போது வாசனையோடு லேசாகப் புகையும் ஜன்னல் வழியாக வந்தது. மெர்வின் கண்ணை மூடிக்கொண்டார். தான் அரைத்துக் கட்டிய சாசேஜ் கருகுவதை முகர்ந்துகொண்டு ஒரு கசாப்புக் கடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெவனுக்கு அவர்மேல் மரியாதையே வந்தது.

பெவனின் முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு அடித்தது. இருபது சதவீதம், இருபது சதவீதம் என்று அடித்தது. பின்னாலிருந்த நாற்பது பேரும் அவர் முதுகைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. எழுந்துவிடுவார் என்று காத்திருந்தார்கள். எப்போதும் எழுந்துவிடுவார்.

"மன்னிக்கணும்" என்றார் ஹ்யூகோ. "வெளியே ஏதோ கருகுது போலிருக்கே."

நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் வேணா பாக்கட்டுமா?"

மெர்வின் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கதவு அந்தப் பக்கம் தம்பி" என்றார்.

ஹ்யூகோ மேசைக்கு வந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

பெவன் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினார்.

"ஹ்யூகோ வெதர்பி. உறுப்பினர் எண் நூத்திப் பதினெட்டு. தலைவர் பதவிக்கு முன்மொழியறேன்."

மார்சியாவின் பேனா நின்றது. "பெவன், அவரு நம்ம கிளப்ப மூட வந்தவரு."

"உறுப்பினரா, இல்லையா?"

மார்சியா பதிவேட்டைப் புரட்டினார். மை இன்னும் சரியாகக் காயவில்லை. "உறுப்பினர்தான்."

வழிமொழிவதற்கு ஒருவர் போதும். பதினேழு பேர் வழிமொழிந்தார்கள். வேறு பெயர் இல்லை, மறுப்பு இல்லை என்று மார்சியா எழுதி, மற்ற பதவிகளை மூன்று நிமிடத்தில் முடித்து, கூட்டம் நிறைவு என்று மேசையைத் தட்டினார். ஹ்யூகோ தட்டு நிறைய சாசேஜோடு உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஒரு பத்து கருகிடுச்சு" என்றார் ஹ்யூகோ வெட்கத்தோடு. சமையலுக்குத்தான் என்று நினைத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். ராஜினாமா செய்யலாமா என்று மார்சியாவிடம் கேட்டார்.

"தாராளமா. எழுத்துல குடுக்கணும். அடுத்த பொதுக்குழு அத ஏத்துக்கணும்."

"அடுத்த பொதுக்குழு எப்போ?"

"அடுத்த பிப்ரவரி."

எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தபிறகு பெவன் அடுப்பின் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது. ஹ்யூகோ பக்கத்தில் வந்து நின்றார். மேல்சட்டையைக் கழற்றியிருந்தார்.

"நாற்பது பேர் இருந்தாங்களே ஐயா. ஏன் நான்?"

"நாப்பது பேருக்கும் கருகுறது தெரிஞ்சுது. எழுந்தது நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு உங்க விதி தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுந்திருக்க மாட்டேன்."

"எனக்கும் தெரியாது, மொத வருஷம்" என்றார் பெவன். கொஞ்ச நேரம் சுரண்டினார். பிறகு சொன்னார்: "எனக்கு அடுத்த பிப்ரவரி இல்ல தம்பி. டாக்டர் சொல்லிட்டாரு. ஊருக்குத் தெரியாது. நான் பாதியில போனா இதுவும் போயிடும். சும்மா பேருக்கு இருங்க. மிச்சத்த மார்சியா பாத்துக்குவா."

சுரண்டும் தகட்டை ஹ்யூகோ அவர் கையிலிருந்து வாங்கி மீதித் தட்டைச் சுரண்டினார். சரியாகச் சுரண்டத் தெரியவில்லை. பெவன் திருத்தவில்லை.

ஹ்யூகோ சிட்னிக்குத் திரும்பி, வாரியத்திடம் முறைப்படி எழுதிக் கொடுத்தார்: சேர்க்க வேண்டிய கிளப்புகள் பட்டியலில் உள்ள குல்கோராவின் தலைவர் நானே, ஆகவே அது குறித்த முடிவில் நான் கலந்துகொள்ள இயலாது. வாரியம் அதை இரண்டு முறை படித்ததாகக் கேள்வி. எல்லாப் பதவிக்கும் ஆள் இருந்ததால் குல்கோராவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மார்ச் கடைசியில் பத்தாவது தலைமை நிர்வாகி கிடைத்துவிட்டார். ஹ்யூகோவின் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்யும் முன் அவர் கையெழுத்துப் போட்ட கடைசிச் சுற்றறிக்கை, கிராமப்புற கிளப்புகளின் காப்பீட்டுத் தொகையை மார்ச்சிலும் டிசம்பரிலும் இரண்டு தவணையாக வாங்கலாம் என்பது. அதில் பேரார்வம் என்ற சொல் இல்லை. பெவன் அதை மட்டும் குளிர்பெட்டியின் கீழே வைக்கவில்லை.

மேசையைக் காலி செய்த அன்று மாலையே ஹ்யூகோ போன் செய்தார்.

"எனக்கு இப்போ ஒரு வேலைதான் இருக்கு. குல்கோராவுல சம்பளம் என்ன?"

"ஆட்டத்துக்கு ஒரு சாசேஜ்" என்றார் பெவன். "வெங்காயம் வேணும்னா தனியா ரெண்டு டாலர்."

ஏப்ரலில் முதல் உள்ளூர் ஆட்டம். ஹ்யூகோ வெள்ளிக்கிழமையே வந்து மார்சியாவின் பின்னறையில் தங்கினார். நரேலும் மலையிலிருந்து வந்தார். அப்பா பார்வையாளர் பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்ட நாளில் அப்பாவை இடுக்கி இல்லாமல் அவர் பார்த்ததே இல்லை. இடுக்கி இப்போது ஹ்யூகோவின் கையில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். இடைவேளையில் பெவன் விஷயத்தைச் சொன்னார். இருபது சதவீதம் என்ற எண்ணையும் சொன்னார். நரேலுக்கு எண் சொன்னால் போதும். ஒரு சிட்னிக்காரருக்குத் தெரிந்து ஏழு வாரம் கழித்துத்தான் மகளுக்குத் தெரிந்தது.

நரேல் கோபப்படவில்லை. எத்தனை மாதம் என்று கேட்டார். பெவன் சொன்னார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடந்தது. பெவன் இறந்தது ஜூன் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, பயிற்சி நாள். மாலையில் பயிற்சி நடந்தது. நிறுத்த வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்.

ஆனால் அது ஜூனில். ஏப்ரலில் அந்தச் சனிக்கிழமை, இரண்டாம் பாதி தொடங்கியது. இருபத்து நான்கு ஆண்டுகளில் பெவன் ஒரு ஆட்டத்தின் இரண்டாம் பாதியையும் முழுதாகப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் அடுப்பில் கூட்டம் நெரியும். குல்கோரா பத்தொன்பது புள்ளி பின்னால் இருந்தது. பந்து கை மாறி வலது ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அடுப்புப் பக்கமிருந்து வாசனை வந்தது. சந்தேகமே இல்லை. கருகுகிறது.

பெவனின் கைகள் பலகையின் விளிம்பைப் பிடித்தன. நரேலின் மூக்குக்கும் எட்டிவிட்டது. அப்பாவின் மகள்தானே. யோசிக்காமல் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காரும்மா" என்றார் பெவன், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "போனா மாட்டிக்குவ."

நரேல் உட்கார்ந்தார். குல்கோரா முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு என்று தோற்றது. பெவன் கடைசி விசில்வரை பார்த்தார்.